முதல் பதினைந்து நாள்

மனச்சோர்வுக்கென்று வைத்தியர் எழுதிக் கொடுக்கும் மாத்திரையில் உள்ள பெரிய சங்கடம், அதன் உபாதை முதலிலும் உபகாரம் பின்னாலும் வருவதுதான். காய்ச்சலுக்கு உண்ட மருந்து சில மணி நேரத்துக்குள் வியர்வையைத் தந்து உடம்பை லேசாக்கிவிடுகிறது. நெஞ்செரிச்சலுக்கு உண்டது அன்றிரவே நிம்மதியாகத் தூங்கவிடுகிறது. ஆனால் ஃப்ளூஆக்ஸிடின், செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் என்றெல்லாம் அட்டையில் பெயர் தாங்கி வருகிற இந்த வகை மருந்துகளோ, முதல் நாளிலோ இரண்டாம் நாளிலோ வயிற்றைப் புரட்டி, தலையைக் கிறுகிறுக்கவைத்து, இருக்கிற கொஞ்சம் தூக்கத்தையும் கலைத்துவிட்டு, மனத்துக்குச் செய்ய வேண்டிய காரியத்தை மாத்திரம் இரண்டு வாரமோ நான்கு வாரமோ கழித்தே மெள்ள மெள்ளத் தொடங்குகின்றன. முழுப் பலனும் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆவதும் உண்டு. இந்த விபரீதமான வரிசையை முன்கூட்டி அறியாத ஒருவர், மூன்றாம் நாளே "இது நமக்கு ஒத்துக்கொள்ளாது" என்று தீர்மானித்து அட்டையை அலமாரியின் மேல்தட்டில் எறிந்துவிட்டால், அவர் மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தனக்குத் துன்பம் தருவதாகப் பிரத்தியட்சமாகத் தெரிகிற பொருளை, பின்னால் நன்மை வரும் என்று ஒருவரும் எடுத்துச் சொல்லாத நிலையில், விவேகமுள்ள எவர்தாம் தொடர்ந்து உண்பார்?

ஆகவே என் கேள்வி நோயாளியைப் பற்றியது அன்று. சீட்டு எழுதும் வைத்தியரின் கடமை அறையின் வாசலோடு முடிகிறது. மருந்துக் கடைக்காரரின் கடமை சில்லறையைத் திருப்பித் தருவதோடு முடிகிறது. அடுத்த வருகை ஒரு மாதம் கழித்து. நடுவே கிடக்கிற, சிகிச்சை நிலைக்குமா நிலைக்காதா என்பதையே பெரும்பாலும் நிர்ணயித்துவிடுகிற அந்தப் பதினைந்து நாளுக்கு யார் பொறுப்பு? நம்முடைய வைத்திய ஏற்பாட்டில் அதற்குப் பொறுப்பாளி என்று ஒருவரும் இல்லை.

இந்தக் கேள்வியை ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய இரண்டு ஊர்களை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்கிறேன். அரை மணிப் பஸ் பயணத்துக்குள் அடங்கிவிடும் அந்தச் சாலையின் ஒரு முனையில், 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய மில்லை அடியொற்றிப் பெருகிய நூற்பாலைகளும், பக்கத்துச் சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்கிற தறிகளும் இரவு பகல் பாராமல் ஓடுகின்றன. மறு முனையில் ஆண்டாள் சந்நிதியும், மாவட்ட நீதிமன்றமும், மணிக்கணக்கில் பாலைக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டிய பால்கோவா அடுப்புகளும் இருக்கின்றன. இவ்விரண்டு ஊர்களிலும் மனச்சோர்வு இல்லாமல் இல்லை. ஆனால் உள்ளூரில் மனநல வைத்தியரைப் பார்த்தால் மாலைக்குள் தெருவே அறிந்துவிடும் என்ற அச்சத்தினால், இரண்டு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கோ அங்குள்ள தனி வைத்தியரிடமோ போகிறவர்கள் எத்தனையோ பேர். போய் வந்தபின் வீட்டில் "நரம்புக்கு மாத்திரை" என்றோ "வயிற்றுப்புண்ணுக்கு" என்றோ சொல்லிவைக்கிறார்கள். மூன்றாம் நாள் ஓங்கரிப்பு எடுக்கும்போது அந்தப் பொய்யே அவர்களுக்கு விலங்காகிவிடுகிறது: வீட்டாரிடம் காரணம் சொல்ல முடியாது, மதுரைக்கு மறுபடி போவதென்றால் ஒரு நாள் கூலி போகும், உள்ளூரில் கேட்க ஆளில்லை. மிச்சம் இருக்கிற வழி ஒன்றுதான், மாத்திரையை நிறுத்திவிடுவது.

தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16-இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, சிகிச்சை தேவைப்பட்டும் பெறாதவர்களின் விகிதம், நோய்க்கு நோய் வேறுபட்டு, நூற்றுக்கு 70 முதல் 92 வரை இருப்பதாகக் கண்டது. தமிழ்நாடும் அதில் அடங்கியிருந்தது. இந்தப் பெரிய தொகையைத் தாண்டி, கூச்சத்தையும் பயத்தையும் செலவையும் வென்று, வைத்தியரின் வாசல்வரை வந்துவிட்ட அந்தச் சிறுபான்மையினரை, வாந்தி வருமென்று முன்னால் சொல்லத் தவறிய ஒரே காரணத்துக்காக இழப்பது எனக்குப் பெரிய ஊதாரித்தனமாகத் தோன்றுகிறது.

வயிறு ஏன் புரட்டுகிறது என்பதைக் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் காரணம் விளங்கிவிட்டால் பாதி பயம் போய்விடும். மேலே சொன்ன மருந்துகள் செரட்டோனின் என்ற ரசாயனப் பொருளின் மீது வேலை செய்கின்றன. மூளையில் மனநிலையோடு சம்பந்தப்பட்டது என்று நாம் கேள்விப்படுகிற இந்தப் பொருளில், பத்தில் ஒன்பது பங்குக்குக் குறையாமல் உடம்பில் இருக்கும் இடம் மூளையன்று, குடல். குடலின் அசைவை நடத்துவதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. மூளையைத் தேடிப் போகிற மாத்திரைக்குக் குடலை விட்டுவிட்டுப் போகத் தெரியாது. ஆகையால் முதல் சில நாட்களில் குமட்டல், வயிற்றுப்போக்கு, பசியின்மை ஆகியவை சிலரிடம் தோன்றி, குடல் புதிய நிலைக்குப் பழகியதும், பெரும்பாலும் ஓரிரு வாரங்களில், தாமாகவே அடங்குகின்றன. மில்லில் வேலை செய்கிறவர்களுக்கு இது புதிதாக இராது. ரிங் பிரேம் என்ற நூற்பு இயந்திரத்தில், நூலை வழிநடத்தும் டிராவலரைப் புதிதாகப் போட்டவுடன் முழு வேகத்தில் ஓட்டினால் நூல் அறுந்துகொண்டே இருக்கும் என்பதும், வேகத்தைத் தணித்து ஓட்டிப் பழக்கிய பிறகே பழைய வேகத்துக்குப் போக வேண்டும் என்பதும் அவர்கள் அன்றாடம் கண்டது. வைத்தியர்களும் அதைத்தான் செய்கிறார்கள். செர்ட்ராலினை 25 மில்லிகிராமிலும் எஸ்சிட்டலோபிராமை 5 மில்லிகிராமிலும் தொடங்கி, ஒரு வாரம் கழித்து இரட்டிப்பாக்கும் வழக்கம் இந்த உபாதையைக் குறைப்பதற்காகவே ஏற்பட்டது. முதல் வாரம் தாங்க முடியவில்லையென்றால் "பாதி அளவில் இன்னும் சில நாள் இருக்கலாமா?" என்று வைத்தியரைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வெறும் வயிற்றில் போடாமல் இரண்டு இட்லியோ ஒரு கிண்ணம் மோர்ச்சாதமோ உண்டபின் போட்டால் குமட்டல் கணிசமாகக் குறையும். ஒரே வேளையாக வயிறு நிறையச் சாப்பிடுவதை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக நாலைந்து தடவை உண்பதும், எண்ணெய்ப் பண்டங்களை அந்தச் சில நாட்களுக்கு ஒதுக்கிவைப்பதும் பலருக்குப் பயன்படுகின்றன. இரண்டாவது உபாதை தூக்கம். சிலருக்கு இம்மருந்துகள் தூக்கத்தைக் கலைக்கும், சிலருக்குக் கிறக்கத்தைத் தரும். கலைத்தால் காலையிலும், கிறங்கினால் படுக்கப் போகுமுன்னும் போட்டுக்கொள்ளும்படி மாற்றிக் கொடுப்பது சம்பிரதாயம். இந்த யோசனை, காலை எழுந்து இரவு படுக்கிற உத்தியோகஸ்தருக்குச் சரி. ஒரு வாரம் பகல் ஷிப்டும் மறு வாரம் இரவு ஷிப்டும் பார்க்கிற நூற்பாலைத் தொழிலாளிக்கு, சீட்டில் "இரவு 1" என்று எழுதியிருப்பதற்கு என்ன அர்த்தம்? அவர் அந்த எழுத்தை நம்பி, கிறக்கம் தரும் மாத்திரையை இரவு ஒன்பது மணிக்கு விழுங்கிவிட்டுப் பத்து மணிக்கு ஓடுகிற இயந்திரத்தின் முன் போய் நின்றால், நேர்வது மருந்தின் பக்கவிளைவோடு நிற்காது. இந்த ஊர்ப் பக்கம் சீட்டு எழுதுகிற வைத்தியர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி "எந்த ஷிப்ட்?" என்பதே என்று நான் நினைக்கிறேன். ஷிப்ட் மாறும்போது மாத்திரை நேரத்தை எப்படி மாற்றுவது என்பதையும் அவரே சொல்லிவிட வேண்டும். புது மருந்து தொடங்கிய முதல் சில நாட்கள், தன் உடம்பு அதை எப்படி ஏற்கிறது என்று தெரிகிறவரையில், இருசக்கர வாகனத்தையும் கொஞ்சம் ஒதுக்கிவைப்பது நல்லது. தென்காசி மார்க்கத்து லாரிகள் அரைத்தூக்கக்காரருக்காக வேகத்தைக் குறைப்பதில்லை.

அமிட்ரிப்டிலின் முதலிய பழைய மருந்துகளுக்கு உபாதைகள் வேறு. வாய் வறட்சி, மலச்சிக்கல், கண் மங்கல், எழுந்து நிற்கும்போது தலைசுற்றல், முதிய ஆண்களுக்குச் சிறுநீர் அடைப்பு. வாய் வறட்சிக்கு அடிக்கடி ஒரு மிடறு தண்ணீரும் வாயில் அடக்கிய ஓர் ஏலக்காயும் போதும். மலச்சிக்கலுக்குக் கீரையும் பழமும் தண்ணீரும். படுக்கையிலிருந்து எழும்போது ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழ வேண்டும் என்பதை, விடியுமுன் எழுந்து சந்நிதிக்குப் போகும் வழக்கமுள்ள வயோதிகர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும், ஏனெனில் அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் மனச்சோர்வு இரட்டிப்பாகும். சில மருந்துகள் பசியைத் தூண்டி எடையைக் கூட்டுகின்றன. அதற்கு இனிப்பைக் குறைக்க வேண்டும் என்பது சாஸ்திரம். ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியிருந்துகொண்டு அதைக் கடைப்பிடிப்பது எத்தனை பெரிய விரதம் என்பதை நான் அறிவேன், ஆகையால் வற்புறுத்தவில்லை.

விரதம் என்றவுடன் இன்னொன்று. மார்கழியிலும் புரட்டாசிச் சனிக்கிழமையிலும் உபவாசம் இருக்கிறவர்கள், வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் புரட்டும் என்பதற்காக மாத்திரையையே அன்று விட்டுவிடுகிறார்கள். ஒரு நாள் விடுவதனால் ஃப்ளூஆக்ஸிடினில் பெரிய வித்தியாசம் தெரியாது, அது உடம்பில் பல நாள் தங்குகிற மருந்து. பராக்ஸிடின், வென்லாஃபாக்ஸின் போன்றவை அப்படித் தங்குவதில்லை, ஓரிரு நாளிலேயே தலைசுற்றலும் எரிச்சலும், தலைக்குள் மின்சாரம் சொடுக்குவது போன்ற விநோதமான உணர்ச்சியும் சிலருக்கு வரலாம். பாலும் பழமும் விலக்கில்லாத விரதமானால் அவற்றோடு மாத்திரையை உண்ணலாம். மருந்தை விட்டுத் தம்மை வருத்திக்கொள்ளும்படி எந்தப் பெருமாளும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

நம்முடைய பழைய நாட்டு வைத்தியர்களிடம் ஆயிரம் குறை சொல்லலாம். ஆனால் ஒரு விஷயத்தில் அவர்கள் இன்றைய ஆஸ்பத்திரியைவிடக் கெட்டிக்காரர்கள். மருந்தோடு பத்தியத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். இத்தனை நாள் மருந்து, இன்ன அனுபானத்தில், இன்னது உண்ணலாம், இன்னது விலக்கு, மூன்றாம் நாள் வயிறு கழியும், அதைக் கண்டு அஞ்சாதே, மருந்து முடிந்தபின் மறுபத்தியம் இத்தனை நாள், என்றெல்லாம் சொல்லி அனுப்பினார்கள். அதில் சாஸ்திரம் எத்தனை, சம்பிரதாயம் எத்தனை என்பது தனி விவாதம். வருவது இன்னதென்று தெரிந்த உபாதையை மனிதன் பொறுத்துக்கொள்வான் என்ற மனித சுபாவத்தை அவர்கள் உணர்ந்திருந்தார்கள் என்பதே இங்கு முக்கியம். வயிறு கழிவதாக முன்கூட்டிச் சொல்லப்பட்டவன், கழிந்ததும் "மருந்து வேலை செய்கிறது" என்று சந்தோஷப்பட்டான். இன்று சொல்லப்படாதவன், அதே கழிச்சலைக் கண்டு "மருந்து என்னைக் கொல்கிறது" என்று பதறுகிறான்.

இதற்கு வைத்தியர்கள் ஓர் ஆட்சேபம் சொல்வதுண்டு, அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. குமட்டல் வரும் என்று சொன்னால், சொன்னதனாலேயே பலருக்குக் குமட்டல் வரும் என்கிறார்கள். உண்மைதான். மருந்துச் சோதனைகளில், மருந்தே இல்லாத போலி மாத்திரை உண்டவர்களிலும் ஒரு பகுதியினர் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எல்லாம் வந்ததாகச் சொல்வது நெடுங்காலமாக அறியப்பட்ட சங்கதி. ஆனால் இதிலிருந்து மௌனம் சாதிப்பதே நல்லது என்ற முடிவுக்கு வருவது தவறு. மௌனத்தினால் தப்புவது கற்பனையான குமட்டல் மாத்திரமே. உண்மையான குமட்டல் எப்படியும் வரும், வரும்போது விளக்கமில்லாமல் வரும். அதோடு, காகிதத்தில் பொடி எழுத்தில் அச்சிட்ட நாற்பது உபாதைகளையும் ஒப்பிப்பதும், "பலருக்கு ஒன்றும் ஆவதில்லை, சிலருக்கு ஒரு வாரம் வயிறு புரட்டும், பிறகு அடங்கிவிடும், அடங்காவிட்டால் என்னிடம் சொல்லுங்கள், வேறு மருந்து இருக்கிறது" என்று மூன்று வாக்கியத்தில் சொல்வதும் ஒன்றல்ல. இந்த மூன்று வாக்கியத்துக்கு அரை நிமிஷம் போதும். புற நோயாளிப் பிரிவின் நெரிசலில் அந்த அரை நிமிஷமும் கிடைப்பதில்லை என்றால், வைத்தியர்தாம் சொல்ல வேண்டும் என்ற நிர்ப்பந்தம் ஒன்றுமில்லை, செவிலியரோ மருந்தாளுநரோ சொல்லலாம்.

இப்படி ஒரு காரியத்தை நாம் ஏற்கெனவே செய்து காட்டியிருக்கிறோம் என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு. 1956-இல் சென்னைச் சேத்துப்பட்டில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், மதராஸ் அரசாங்கமும், உலக சுகாதார ஸ்தாபனமும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து காசநோய்க்கு ஒரு சிகிச்சை நிலையம் தொடங்கின. சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்கவைத்தால்தான் காசநோய் குணமாகும் என்று உலகமே நம்பியிருந்த காலத்தில், நெருக்கடியான வீடுகளில் அரைவயிற்றுச் சாப்பாட்டோடு வாழும் ஏழைகளும் வீட்டிலிருந்தபடியே மாத்திரை உண்டு குணமடைய முடியும் என்று 1959-இல் அந்த நிலையம் வெளியிட்ட ஆய்வு நிரூபித்தது. அந்த மருந்துகளில் ஒன்று ஐசோநயாஸிட். மற்றொன்று பாரா அமினோ சாலிசிலிக் அமிலம், வயிற்றைக் கெடுப்பதில் இன்றைய மனச்சோர்வு மாத்திரைகளுக்கு அண்ணன். அப்படிப்பட்ட மருந்தை, இருமல் நின்று உடம்பு தேறியதாகத் தோன்றிய பின்னும், ஓராண்டு முழுவதும் உண்ணவைக்க வேண்டியிருந்தது. என்ன செய்தார்கள்? நோயாளியின் வீட்டுக்குப் போனார்கள். மிச்சமிருக்கும் மாத்திரைகளை எண்ணினார்கள். மருந்து உண்டாரா என்று சிறுநீரைச் சோதித்தார்கள். உண்ணாதவரைத் திட்டுவதை விட்டு ஏன் உண்ணவில்லை என்று விசாரித்தார்கள். ஊழியர் கண்ணெதிரே மருந்தை விழுங்கச் செய்யும் முறை பின்னாளில் உலகெங்கும் பரவியதற்கு வித்திட்ட இடங்களுள் சென்னையும் ஒன்று.

சரித்திரத்தின் வேடிக்கை, மனச்சோர்வு மருந்தும் அதே காசநோய்க் குடும்பத்தில் பிறந்ததுதான். ஐசோநயாஸிடின் உடன்பிறப்பான ஐப்ரோநயாஸிட் என்ற மருந்தை 1952 வாக்கில் நியூயார்க் ஸ்டேட்டன் தீவிலுள்ள ஸீ வியூ காசநோய் மருத்துவமனையில் கொடுத்துப் பார்த்தபோது, நுரையீரல் நோயால் துவண்டு கிடந்தவர்கள் எதிர்பாராத உற்சாகம் கொண்டு எழுந்து நடமாடியதை வைத்தியர்கள் கண்டார்கள். அது அவர்களுக்கு ஒரு பக்கவிளைவாகத்தான் பட்டது. 1957-இல் நேதன் க்ளைன் என்ற மனநல வைத்தியர் அந்தப் பக்கவிளைவையே சிகிச்சையாக்க முடியும் என்று எடுத்துக் காட்டினார். ஈரலைக் கெடுத்து மஞ்சள் காமாலையை உண்டாக்குகிறது என்ற வேறொரு பக்கவிளைவினால் சில வருஷங்களில் அது வழக்கொழிந்தும் போயிற்று. ஆனால் மனச்சோர்வு மாத்திரையால் மாறக்கூடியது என்ற எண்ணம் அங்கிருந்தே வேர்விட்டது. காசநோய்க்காரரின் மாத்திரையை எண்ணுவதற்கு வீடு தேடிப் போன தமிழ்நாடு, அதே வம்சத்தில் வந்த இன்னொரு மருந்தைத் தொடங்குகிறவரை மாத்திரம் ஒரு மாதத்துக்கு அட்டையைக் கொடுத்து "போய் வாருங்கள்" என்று அனுப்பிவிடுகிறது. காசநோய் பிறருக்குத் தொற்றும், மனச்சோர்வு தொற்றாது என்பதைத் தவிர இதற்கு நியாயமான காரணம் ஒன்றும் எனக்குத் தென்படவில்லை. அந்தக் காரணமும் மனிதாபிமானத்துக்கு அழகானது அல்ல.

எல்லா உபாதையையும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பொறுக்கக் கூடாதவையும் உண்டு, அவற்றை வீட்டார் தெரிந்துவைத்திருக்க வேண்டும். மருந்து தொடங்கிய அல்லது அளவைக் கூட்டிய முதல் வாரங்களில், இருப்புக்கொள்ளாத தவிப்பும், முன்பில்லாத ஆத்திரமும், தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணமும் தோன்றினால் அன்றே வைத்தியரிடம் போக வேண்டும். குறிப்பாக இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்கள் விஷயத்தில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகமே எச்சரிக்கையை மருந்தின் விவரக்குறிப்பில் கட்டம் கட்டி அச்சிடவைத்திருக்கிறது. வழக்கத்துக்கு மாறாகத் தூக்கமே வேண்டாதபடி குதூகலமும் ஓயாத பேச்சும் கைநிறையச் செலவும் வந்தால், நோய் தீர்ந்துவிட்டதென்று மகிழாமல் அதையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். அது வேறொரு நோயின் அடையாளமாக இருக்கலாம். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை உண்ணும் முதியவர்களுக்கு இம்மருந்தோடு சேர்ந்து ரத்தத்தில் சோடியம் உப்பு குறைந்து, திடீரென்று குழப்பமும் தள்ளாட்டமும் வருவதுண்டு. "தாத்தாவுக்கு வயதாகிவிட்டது" என்று அதை விட்டுவிடக் கூடாது. இடுப்பு வலிக்கும் முழங்கால் வலிக்கும் மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடுகிற டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபென் வகை மாத்திரைகள் இம்மருந்தோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு ஏற்படும் அபாயம் கூடும். டிரமடால் என்ற வலி மருந்து சேர்ந்தால் காய்ச்சலும் நடுக்கமும் தசை விறைப்பும் மனக்குழப்பமும் வரை போகலாம். நாள் முழுதும் நின்றே வேலை செய்கிற இந்தப் பிரதேசத்தில் வலி மாத்திரை உண்ணாத குடும்பம் அபூர்வம். ஆகையால் இதைச் சொல்லாமல் சீட்டு எழுதுவது பாதி வைத்தியமே. மதுவும் இம்மருந்தும் சேராது என்பதையும், சொன்னால் கேட்பார்களா என்ற சலிப்பை ஒதுக்கிவைத்து, சொல்லத்தான் வேண்டும்.

இன்னோர் உபாதை உண்டு, அதைப் பத்திரிகையில் எழுதவே நம்மவர்கள் கூசுவார்கள். தாம்பத்திய விருப்பம் குறைவதும் அதில் தடை ஏற்படுவதும் இந்த மருந்துகளில் சாமானியம். குமட்டலைப் போல அது பெரும்பாலும் தானாகப் போய்விடுவதும் இல்லை. கணவனும் மனைவியும் இதை ஒருவரிடம் ஒருவர் சொல்ல முடியாமல், மனம் மாறிவிட்டதாக ஒருவர் மேல் ஒருவர் சந்தேகம் கொண்டு, கடைசியில் மருந்தை ரகசியமாக நிறுத்தும் குடும்பங்கள் எத்தனை என்பதை யாரும் கணக்கெடுக்கவில்லை. அளவைக் குறைக்கலாம், இந்த உபாதை குறைவாக உள்ள வேறு மருந்துக்கு மாற்றலாம். கையில் வழி இருக்கிறது. ஆனால் நோயாளி வாய் திறக்கமாட்டார். வைத்தியர்தாம் முதலில் கேட்க வேண்டும்.

வீட்டார் செய்யும் கெடுதலில் பெரும்பங்கு அன்பினால் செய்வது. "இந்த மாத்திரைக்கு அடிமையாகிவிடாதே" என்று எச்சரிக்கும் அத்தையும், "மனத்தைத் திடப்படுத்திக்கொண்டால் மாத்திரை எதற்கு?" என்று கேட்கும் மாமாவும், "உடம்புச் சூடு, இளநீர் குடி, மாத்திரையை விடு" என்னும் அண்டை வீட்டாரும் தீய எண்ணத்தினால் அப்படிச் சொல்வதில்லை. மதுவுக்கோ புகையிலைக்கோ உள்ளதைப் போன்ற வேட்கை இந்த மாத்திரைகளுக்கு உண்டாவதில்லை; ஆனால் சட்டென்று நிறுத்தினால் உடம்பு முரண்டு பிடிக்கும் என்பதனால், நிறுத்தும்போது வைத்தியர் சொன்னபடி வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டியிருக்கிறது. முதல் தடவை மனச்சோர்வு கண்டவர் குணமான பின்னும் ஆறு மாதமாவது மருந்தைத் தொடர வேண்டும் என்பது பொது விதி. இதை அறியாமல், உடம்பு தேறியதும் நிறுத்திவிட்டு, சில மாதத்தில் பழைய நிலைக்குத் திரும்புகிறவர்களைக் காட்டியே "பார்த்தாயா, அந்த மாத்திரையால் பிரயோஜனமில்லை" என்று ஊர் பேசிக்கொள்கிறது. கருவுற்ற பெண்கள் பயந்து தாமாகவே நிறுத்துவதும் இதே வகையைச் சேர்ந்தது. நிறுத்துவதா தொடர்வதா என்பதைப் பெண்ணும் வைத்தியரும் சேர்ந்தே தீர்மானிக்க வேண்டும், மாமியார் தனியாகத் தீர்மானிக்கக் கூடாது.

செய்ய வேண்டியதற்குப் புதிய கட்டடமோ புதிய சட்டமோ தேவையில்லை. மனநல சிகிச்சை பெறும் உரிமையை 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டமே கொடுத்திருக்கிறது. தமிழ்நாட்டில் முதலில் திருச்சி மாவட்டத்தில் தொடங்கி இன்று மாவட்டங்கள்தோறும் நடக்கிற மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. புதிதாக மருந்து தொடங்கும் ஒவ்வொருவரின் தொலைபேசி எண்ணையும் ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு, நான்காம் நாளும் பத்தாம் நாளும் ஒரு செவிலியர் கூப்பிட்டு விசாரிக்கும்படி அந்தத் திட்டத்தில் ஒரு வரி சேர்த்தால், ஆகும் செலவு ஒரு தொலைபேசிக் கட்டணம். வீட்டில் ரகசியமாக வைத்திருப்பவரைக் கூப்பிடுவதிலுள்ள சிக்கலையும் யோசிக்க வேண்டும். எந்த நேரம் கூப்பிடலாம், யார் பெயரைச் சொல்லிக் கூப்பிடலாம் என்று அவரிடமே முதலில் கேட்டு எழுதிக்கொள்ளலாம். நூற்பாலை நிர்வாகங்கள், காரணம் கேட்காமல், வைத்தியர் சீட்டைக் காட்டினால் இரண்டு வாரத்துக்கு இரவு ஷிப்டிலிருந்து விலக்குத் தரலாம்; கை நழுவிய ஒரு விபத்துக்குக் கொடுக்கும் நஷ்டஈட்டைவிட இது மலிவு. மருந்துக் கடைக்காரர்கள், பழைய சீட்டைக் காட்டியதும் கேள்வி கேட்காமல் மாதக்கணக்கில் மாத்திரை தருவதற்குப் பதில், "வயிறு எப்படி இருக்கிறது?" என்று ஒரு வார்த்தை கேட்கலாம், மாத்திரையின் நிறமோ கம்பெனியோ மாறினால் மருந்து மாறவில்லை என்று சொல்லிக் கொடுக்கலாம்.

எல்லாவற்றையும்விடச் சுலபமான வழி, 2021 ஆகஸ்டு முதல் நடக்கிற மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இருக்கிறது. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுக்கிற பெண் ஊழியர், சேத்துப்பட்டு நிலையத்தின் வீட்டு விசாரணைக்கு நேர் வாரிசு. அவர் வருவதனால் யாருக்கும் அவமானமில்லை, ஏனெனில் அவர் எல்லா வீட்டுக்கும் வருகிறார். பிரஷர் மாத்திரைக் கட்டைக் கொடுத்துவிட்டு, நோயாளி சம்மதித்திருந்தால், இன்னும் நான்கு கேள்வி அவர் கேட்கட்டும்: மாத்திரையை வெறும் வயிற்றிலா போடுகிறீர்கள்? தூக்கம் எப்படி? வலி மாத்திரை ஏதாவது சேர்த்துப் போடுகிறீர்களா? வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் வருகிறதா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்ற பதில் வந்தால், அந்த வாசலிலேயே நின்று, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசுகிற, 2022 அக்டோபர் முதல் இயங்கும் டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவையின் இலவச எண்ணான 14416-ஐக் கூப்பிட்டுத் தொலைபேசியை நோயாளியின் கையில் கொடுத்துவிட்டு, மறுமுனையில் பேச்சு தொடங்கும்வரை அவர் அடுத்த வீட்டுக்குப் போகாமல் இருக்க வேண்டும்.